வாட்ஸ் பொருத்தம் மட்டும் பார்த்தால் போதுமா?

வீட்டில் நல்ல ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. ஸ்பீக்கர் மட்டும் புதிதாக வேண்டும். கடைக்குப் போனதும் காதில் விழும் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ்?" அந்தக் கேள்வியை நம்பி வாங்கியவர்கள் பணத்தையும், சில சமயம் ட்வீட்டரையும் இழந்திருக்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை மதியம், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் முனையில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். மார்போடு அணைத்தபடி, பழைய வேட்டியில் சுற்றிய ஒரு கனமான மூட்டை. பின்னாலேயே அவர் மகள், ஒரு ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஒயர் வாங்கப் போயிருந்த நான் ஒரு கை கொடுத்தேன்.

கடை வாசலில் முடிச்சை அவிழ்த்தார். வெள்ளி முகப்பு, உருட்டினால் கைக்கு அடங்கி நிற்கும் வால்யூம் குமிழ், முப்பது வருஷத்துக்கு மேலான ஜப்பான் ஆம்ப்ளிஃபயர். "எங்க அண்ணன் துபாய்லேர்ந்து வரும்போது கொண்டுவந்தது தம்பி. இது இன்னும் நல்லாத்தான் இருக்கு. ஸ்பீக்கர்தான் போயிடுச்சு" என்றார். மகள் பெட்டியின் துணியைக் கழற்றிக் காட்டினார். வூஃபரைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் விரல் பட்டதும் கருப்புப் பொடியாக உதிர்ந்தது.

கவுன்டரில் இருந்த இளைஞர் கேட்டார்: "ஆம்ப் எத்தனை வாட்ஸ் சார்?"

"நாற்பது."

"அப்ப நாப்பது வாட்ஸ் ஸ்பீக்கரே எடுத்துக்கோங்க சார். நூறு போட்டீங்கன்னா இது இழுக்காது."

கெட்ட எண்ணத்தில் சொன்ன வார்த்தை இல்லை. அவருக்கு அவருடைய முதலாளி சொல்லிக்கொடுத்தது. முதலாளிக்கு அவருக்கு முன்னால் இருந்தவர் சொன்னது. தமிழ்நாட்டில் எந்த ஊர் கடைத்தெருவுக்குப் போனாலும் இதே பதில்தான் கிடைக்கும். ஆனால் அது தவறு.

பழைய ஆம்ப்ளிஃபயருக்கு எந்த ஸ்பீக்கர் என்ற கேள்வி இப்போது பல வீடுகளில் எழுகிறது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் 80-களில் வந்த ஆம்ப்ளிஃபயர்கள், பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியவை, சோனோடைன் போன்ற கொல்கத்தா தயாரிப்புகள் எல்லாம் பரணிலிருந்து இறங்குகின்றன. இசைத்தட்டுகள் திரும்பி வந்திருக்கின்றன. 2021-ல் ஆப்பிள் மியூசிக் இழப்பில்லாத தரத்தில் பாடல்களைக் கூடுதல் கட்டணமின்றிக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, போனில் இருக்கும் பாட்டே நல்ல ஸ்பீக்கரைக் கேட்கிறது.

பெட்டியில் எழுதியிருக்கும் வாட்ஸ்

ஆம்ப்ளிஃபயரில் எழுதியிருக்கும் வாட்ஸ், அது கொடுக்கக்கூடிய மின்திறன். ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட்ஸ், அது தாங்கக்கூடிய மின்திறன். முன்னது ஓடையின் நீர். பின்னது கரையின் உயரம். கரை உயரமாக இருப்பதால் ஓடை வற்றிவிடாது. நூறு வாட்ஸ் தாங்கும் ஸ்பீக்கர், ஒரு வாட்ஸிலும் பாடும்.

இந்த எண்ணே எவ்வளவு புரட்டப்பட்டது என்பதற்கு நம் தலைமுறையே சாட்சி. 90-களில் டேப் ரெக்கார்டர்களின் முகப்பில் 'பிஎம்பிஓ' என்ற நான்கெழுத்தோடு ஆயிரக்கணக்கான வாட்ஸ் மின்னியது நினைவிருக்கும். உள்ளே இருந்த டிரான்ஸ்ஃபார்மரோ கைக்குள் அடங்கியது. அந்த எண்ணை எப்படி அளப்பது என்பதற்குப் பொதுவான விதியே கிடையாது. அமெரிக்காவில் இதே கூத்து முன்பே நடந்து, 1974-ல் ஃபெடரல் டிரேட் கமிஷன் தலையிட்டு, ஆம்ப்ளிஃபயரின் திறனை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று விதியே வகுத்தது.

பார்க்க வேண்டிய எண் வேறு. அதன் பெயர் சென்சிட்டிவிட்டி. ஒரு குறிப்பிட்ட மின்சாரம் கொடுத்தால், ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கும் என்பதுதான் அது. எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்தால் சரியாக ஒரு வாட்ஸ். 87 டெசிபல் என்று போட்டிருந்தால், ஒரு வாட்ஸில் 87 டெசிபல்.

டெசிபல் கணக்கு நாம் பழகிய கூட்டல் கணக்கு இல்லை. மூன்று டெசிபல் கூட வேண்டுமானால் வாட்ஸ் இரண்டு மடங்காக வேண்டும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றுவதற்கு ஏறக்குறைய பத்து டெசிபல் தேவை. அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ். நாற்பது வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரை விற்று எண்பது வாட்ஸ் வாங்கினால் கிடைப்பது வெறும் மூன்று டெசிபல். அதே மூன்று டெசிபலை, 84-க்குப் பதில் 87 டெசிபல் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பதாலேயே பெற்றுவிடலாம்.

நம் வீட்டு அளவில் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஸ்பீக்கர்கள், இரண்டரை மீட்டர் தள்ளி நாற்காலி, சென்சிட்டிவிட்டி 87. தொலைவினால் எட்டு டெசிபல் கழியும். இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்வதால் மூன்று கூடும். ஆக ஒரு வாட்ஸில் நாற்காலிக்கு வந்து சேர்வது 82 டெசிபல். நிறைவாகக் கேட்க 75 டெசிபல் போதும். அதற்குத் தேவை ஒரு ஸ்பீக்கருக்கு 0.2 வாட்ஸ். ஆம், ஒரு வாட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தில் ஒரு அடி விழும்போது, அந்தக் கணத்துக்கு மட்டும் ஒலி இருபது டெசிபல் எகிறலாம். 95 டெசிபல். அந்த ஒரு கணத்துக்கு இருபது வாட்ஸ் வேண்டும். பெரியவரின் நாற்பது வாட்ஸ், இதற்கு மேலும் இடம் வைத்திருக்கிறது.

பெட்டிச் செய்தி: ஒரே நாற்காலி, ஒரே அடி

இரண்டரை மீட்டர் தொலைவில் 95 டெசிபல் உச்சத்துக்கு ஒரு ஸ்பீக்கருக்குத் தேவையான வாட்ஸ்:

சென்சிட்டிவிட்டி 96 டெசிபல் (கிளிப்ஷ் ஆர்பி-600எம்): 2.5 வாட்ஸ்
87 டெசிபல் (புத்தக அலமாரி அளவு ஸ்பீக்கர்கள் பலவும் இதையொட்டியே): 20 வாட்ஸ்
85 டெசிபல் (கெஃப் எல்எஸ்50): 32 வாட்ஸ்
82.5 டெசிபல் (பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ): 56 வாட்ஸ். வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் மிக அருகில் உட்கார்ந்து கேட்பதற்காகப் பிறந்த ஸ்பீக்கர் இது. ஹாலை நிரப்புவது அதன் வேலை இல்லை.

இவை தயாரிப்பாளர்கள் சொல்லும் எண்களை வைத்துப் போட்ட கணக்கு. அறை தரும் உதவியையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு; இரண்டு மூன்று டெசிபல் குறைத்து வைத்துக்கொள்வது நல்லது.

சின்னப் பெட்டியாகவும் இருக்க வேண்டும், பாஸும் ஆழமாக வேண்டும், சென்சிட்டிவிட்டியும் அதிகம் வேண்டும் என்றால் இயற்பியல் ஒத்துக்கொள்ளாது. மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். 1954-ல் ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் எட்கர் வில்சர் காற்றுப்புகாத சின்னப் பெட்டியில் ஆழமான பாஸை வரவழைத்துக் காட்டினார். அதற்கு அவர் கொடுத்த விலை சென்சிட்டிவிட்டி. இன்று நம் ஷோகேஸில் அடங்கும் பெரும்பாலான ஸ்பீக்கர்களும் அந்த விலையைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

நிஜமான பொருத்தம்: ஓம்

வாட்ஸை மறந்துவிட்டு ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் இடத்தில் '8 ஓம்' என்றோ '4 முதல் 16 ஓம்' என்றோ அச்சிட்டிருக்கும். இந்த எண்ணைத்தான் ஸ்பீக்கர் மதித்தாக வேண்டும்.

ஓம் குறையக் குறைய ஸ்பீக்கர் அதிகக் கரண்டை இழுக்கும். எட்டு ஓமுக்கு இழுப்பதைப் போல இரண்டு மடங்கை நான்கு ஓமில் இழுக்கும். அதைக் கொடுக்க டிரான்ஸ்ஃபார்மருக்கும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களுக்கும் தெம்பு வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் ஓம் ஒரு பொதுப்படையான எண். உண்மையான ஓம் ஒவ்வொரு சுருதிக்கும் மாறிக்கொண்டே இருக்கும். கெஃப் எல்எஸ்50-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பில் எட்டு ஓம். ஆனால் குறைந்தபட்சம் 3.2 ஓம் வரை இறங்கும் என்று அந்த நிறுவனமே நேர்மையாகக் குறிப்பிடுகிறது. '6 ஓமுக்குக் குறையக் கூடாது' என்று எழுதிய பழைய ஆம்ப்ளிஃபயரோடு இதைச் சேர்த்து வால்யூமைத் திருகினால் சூடு ஏறும். ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி: "இதோட மினிமம் ஓம் எவ்வளவு?" பதில் தெரியாவிட்டால், அந்த மாடலின் விவரத்தாளை வாங்கிப் பாருங்கள். நான்குக்குக் கீழே இறங்காத ஸ்பீக்கர், பழைய ஆம்ப்ளிஃபயருக்கு நிம்மதி.

இதில் இன்னொரு கண்கட்டும் உண்டு. 2.83 வோல்ட் எட்டு ஓமில் ஒரு வாட்ஸ் என்றால் நான்கு ஓமில் அது இரண்டு வாட்ஸ். ஆக நான்கு ஓம் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி எண் மூன்று டெசிபல் கூடுதலாகத் தெரியும். அந்த மூன்றும் உங்கள் ஆம்ப்ளிஃபயரின் முதுகிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

வாட்ஸ் குறைவாக இருந்தும் கரண்ட் கொடுக்கத் தெரிந்த ஆம்ப்ளிஃபயர் உண்டு. 1978-ல் எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்து வந்த என்ஏடி 3020, காகிதத்தில் வெறும் 20 வாட்ஸ். ஆனால் கடினமான ஸ்பீக்கர்களையும் அசராமல் இயக்கி, உலகிலேயே அதிகம் விற்ற ஹை-ஃபை ஆம்ப்ளிஃபயர்களில் ஒன்றானது. உங்கள் ஆம்ப்ளிஃபயர் எந்த ரகம்? எட்டு ஓமில் கொடுக்கும் வாட்ஸையும் நான்கு ஓமில் கொடுக்கும் வாட்ஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய இரண்டு மடங்கானால் உடம்பில் பலம் இருக்கிறது. கொஞ்சம்தான் கூடுகிறது என்றால் எட்டு ஓம் ஸ்பீக்கரோடு நில்லுங்கள்.

முன்பக்கத்தில் 'ஏ', 'பி' என்று இரண்டு பட்டன்கள் இருக்கும் வீடுகளில் ஒரு விபத்து அடிக்கடி நடக்கிறது. ஹாலில் ஒரு ஜோடி, சாப்பாட்டு அறையில் ஒரு ஜோடி. இரண்டையும் ஒன்றாகத் தட்டிவிடுவது. பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்களில் எட்டும் எட்டும் இணையாகச் சேர்ந்து நான்காகிவிடும். ஆறும் ஆறும் சேர்ந்தால் மூன்று. விசேஷ நாளில், வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போதுதான் ஆம்ப்ளிஃபயர் 'டக்' என்று வாயை மூடும்.

ட்வீட்டர் ஏன் சாகிறது?

கடைக்காரரின் அறிவுரை உண்மையில் ஆபத்தாவது இங்கேதான். 'ஆம்ப் சின்னது, ஸ்பீக்கர் பெரிது. பயமில்லை' என்று நினைக்கிறோம். நான் பார்த்தவரை, எரிந்த ட்வீட்டர்களில் பல சின்ன ஆம்ப்ளிஃபயரில் எரிந்தவை.

ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லையைத் தாண்டிக் கொடுக்கச் சொல்லும்போது அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். அலை மழுங்கும்போது இரண்டு விஷயம் நடக்கிறது. மூலத்தில் இல்லாத உயர்சுருதிகள் முளைக்கின்றன. உச்சி நின்றுபோனாலும் குமிழைத் திருகத் திருகச் சராசரித் திறன் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இசையில் உயர்சுருதிகளை ஒலிக்கும் ட்வீட்டருக்குப் போய்ச் சேருவது இயல்பாகவே மிகச் சிறிய பங்கு. அதன் 'காயில்' எனும் கம்பிச்சுருள் தலைமுடி போன்ற ஒயரால் ஆனது. அதன் மேல் இந்தச் சுமை தொடர்ந்து விழுந்தால் சூடேறி அறுந்துவிடும். பாட்டில் ஜால்ராவும் 'ஸ' எழுத்தும் கரகரவென்று காதைக் குத்தத் தொடங்கினால், அதுதான் எச்சரிக்கை. உடனே குமிழைக் குறையுங்கள்.

இதனால்தான் சென்சிட்டிவிட்டி அதிகமான ஸ்பீக்கர் சின்ன ஆம்ப்ளிஃபயருக்குப் பாதுகாப்பு. குமிழை எல்லைக்குத் தள்ள வேண்டிய அவசியமே வராது. வாசலில் 'நாற்பதுக்கு நாற்பது' என்று சொல்லி 83 டெசிபல் பெட்டியைக் கையில் கொடுத்தால், பொருத்தம் பார்த்த மாதிரி இருக்கும். கல்யாண வீட்டுச் சத்தத்தில் ஒருநாள் ட்வீட்டர் போய்விடும்.

பெட்டிச் செய்தி: புதுசை மாட்டும் முன் பழசைச் சோதியுங்கள்

முப்பது வருஷ ஆம்ப்ளிஃபயருக்குள் கெபாசிட்டர்கள் வறண்டிருக்கலாம். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, வால்யூமை முழுக்கக் குறைத்து, சில நிமிஷம் சூடாகவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. நூறைத் தாண்டினால் மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே புது ஸ்பீக்கர். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, பாதுகாப்பு ரிலேயும் வேலை செய்யாவிட்டால், முழு டிசியும் வூஃபருக்குள் பாய்ந்து காயிலைக் கருக்கும்.

பழைய ஸ்பீக்கரை மீட்டரில் அளந்தால் எட்டு ஓம் என்பது ஆறு, ஆறரை என்று காட்டும். பதற வேண்டாம். மீட்டர் காட்டுவது டிசி ஓம். அது எப்போதும் குறைவாகவே இருக்கும்.

ஃபோம் உதிர்ந்ததற்காக ஸ்பீக்கரையே தூக்கிப் போட வேண்டியதில்லை. காயில் நல்லபடியாக இருந்தால் வளையத்தை மட்டும் புதிதாக ஒட்டலாம். புதிது வாங்குவதானால் ரப்பர் வளையமா என்று பாருங்கள். சென்னைப் புழுக்கத்தில் ஃபோம் நிலைக்காது.

பத்துக்குப் பன்னிரண்டு

ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பொருத்தம் பார்க்கிறவர்கள் மூன்றாவது ஆளை விட்டுவிடுகிறார்கள். அது அறை. என்னைக் கேட்டால், பாதிச் சத்தம் அறையுடையது.

நம் ஃபிளாட்டுகளில் படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, கூரையும் பத்தடி. சுற்றிலும் கான்கிரீட், கீழே டைல்ஸ் அல்லது கிரானைட். பத்தடி இடைவெளியில் இரண்டு கடினமான சுவர்கள் எதிரெதிரே நின்றால் 57 ஹெர்ட்ஸை ஒட்டிய சுருதி அவற்றுக்கிடையே தேங்கி நிற்கும். பன்னிரண்டு அடியில் 48. அகலமும் உயரமும் ஒன்றாகவே பத்தடி என்பதால் 57 இரட்டிப்பாக வீங்கும். பாஸ் கிதாரில் ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் 'பூம்' என்று மார்பில் இடிப்பதும், பக்கத்து ஸ்வரம் காணாமல் போவதும் இதனால்தான். ஆம்ப்ளிஃபயரை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

இத்தகைய அறையில் பெரிய வூஃபர் வைத்த, தரையில் நிற்கும் ஸ்பீக்கரை வாங்குவது வீண் செலவு. ஐந்து அல்லது ஆறரை அங்குல வூஃபர் உள்ள சிறிய ஸ்பீக்கரே போதும். சுவரை ஒட்டி வைத்தால் பாஸ் ஆறு டெசிபல் வரை கூடும். மூலையில் வைத்தால் இன்னும் கூடும். முடிந்தவரை ஒன்றரை அடியாவது சுவரிலிருந்து முன்னால் இழுங்கள். ஷோகேஸுக்குள்தான் வைத்தாக வேண்டும் என்ற வீடுகள் நிறைய. அங்கே பின்பக்கம் ஓட்டை உள்ள ஸ்பீக்கரைத் தவிர்த்து, முன்பக்க ஓட்டையோ மூடிய பெட்டியோ தேர்ந்தெடுங்கள். ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்கட்டும். பவானி ஜமுக்காளத்தை விரித்தால் டைல்ஸின் கூச்சல் கொஞ்சம் அடங்கும். பாஸுக்கு அது எதுவும் செய்யாது; அதற்குப் பஞ்சு மெத்தையும் நிறைந்த புத்தக அலமாரியும் ஓரளவு உதவும்.

அடுத்த வீட்டுச் சுவரும் உங்கள் அறையின் பகுதிதான். குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல் என்று 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதி வரம்பு வைத்திருக்கிறது. சுவரைத் தாண்டிப் போவது பெரும்பாலும் பாஸ்தான். ஆழமான பாஸுக்காகக் கூடுதலாகச் செலவழிக்கும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

காதால் தேர்ந்தெடுப்பது

கனடாவின் தேசிய ஆராய்ச்சி கவுன்சிலில் ஃப்ளாய்ட் டூல் பல வருஷம் செய்த சோதனைகள் ஒரு விஷயத்தை நிறுவின. ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் வைத்து, பிராண்டும் விலையும் தெரியாமல் கேட்கவிட்டால், வெவ்வேறு ரசனை உள்ளவர்களும் பெரும்பாலும் ஒரே ஸ்பீக்கரைத்தான் விரும்புகிறார்கள்: எந்தச் சுருதியையும் தூக்காமல், தாழ்த்தாமல், பக்கவாட்டிலும் சீராக ஒலிப்பதை. திரையை விலக்கியதும் தீர்ப்பு மாறிவிடும் என்பதை 1994-ல் சக ஆய்வாளர் ஷான் ஆலிவோடு சேர்ந்து அவர் காட்டினார்.

கடையில் திரை கட்ட முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம். இரண்டு ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிக் கேட்கும்போது, சென்சிட்டிவிட்டி கூடியது சத்தமாக ஒலிக்கும். சத்தமானதே நல்லது என்று காது சொல்லும். பலரைப் பல வருஷமாக ஏமாற்றியது இதுதான். போனில் டெசிபல் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகு கேளுங்கள். முடிந்தால் ஆம்ப்ளிஃபயரை, அந்தப் பெரியவரைப் போல, கையோடு கொண்டுபோங்கள்.

எதைக் கேட்பது? வெடிச்சத்தம் வேண்டாம். ஒரு தம்புரா. ஒரு மிருதங்கம். சி.வி. ராமன் 1920-ல் சிவகாளி குமாரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார்: சாதாரணத் தோல் வாத்தியத்தில் இல்லாத இசை ஒத்திசைவு மிருதங்கத்தில் இருக்கிறது, அதற்குக் காரணம் வலந்தலையின் நடுவில் அப்பிய கருப்பு வட்டம். அந்த ஒத்திசைவு நல்ல ஸ்பீக்கரில் சுருதியாகக் கேட்கும்; மோசமான ஸ்பீக்கரில் 'டப்' என்ற தட்டலாகத் தேய்ந்துவிடும். இடப்பக்கத் தோலான தொப்பியின் கும்கி நாதம் வழுக்கி ஏறும்போது வீங்காமல், நடுவில் அறுபடாமல் வருகிறதா என்று கவனியுங்கள். வயலின் காதைக் குத்துகிறதா என்று பார்க்க இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) போதும். பிறகு நீங்கள் நாற்பது வருஷமாக அறிந்த ஒரு குரல்.

ஒயரைப் பற்றி ஒரு வரி. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், ஐந்து மீட்டர் தூரத்துக்குத் தாராளம். விலை உயர்ந்த கேபிளுக்கு வைத்திருக்கும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். இரண்டு பக்கமும் பிளஸ், மைனஸ் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒன்று தலைகீழானால் பாஸ் மாயமாகும், குரல் நடுவில் நிற்காது.

மேற்கு மாம்பலத்தில்

அன்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான் பெரியவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சார், எந்த ரூம்ல வைக்கப் போறீங்க?" பத்துக்குப் பதினொன்று என்றார். மகள் போனில் விவரத்தாள்களை ஒவ்வொன்றாகத் திறந்து மினிமம் ஓமைத் தேடினார். அன்று எதுவும் வாங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மேற்கு மாம்பலம் வீட்டுக்கு அழைத்தார்கள். 87 டெசிபல், எட்டு ஓம், ஐந்தங்குல வூஃபர், முன்பக்க ஓட்டை. பெட்டியில் 'நூறு வாட்ஸ் வரை' என்று அச்சிட்டிருந்தது. குமிழ் கால்பங்குகூடத் திரும்பவில்லை. பழைய கச்சேரிப் பதிவு ஒன்று. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தொப்பியில் ஒவ்வொரு முறை கும்கி விழும்போதும் எங்கோ 'ஜிர்ர்' என்று ஒரு ரீங்காரம். "ஸ்பீக்கர்லேயாம்மா?" என்று பதறினார். மகள் ஸ்பீக்கரில் காது வைத்தார், இல்லை. ஜன்னல் இல்லை. கதவு மூலையில் நின்ற இரும்பு பீரோவின் மேல் உள்ளங்கையை வைத்தார், சத்தம் நின்றது. ஒரு அஞ்சலட்டையை நான்காக மடித்து பீரோ கதவிடுக்கில் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"முதல்லேர்ந்து போடும்மா" என்றார் அப்பா.